சேனைத்தண்ணி

துண்டுக்குள் இருட்டாக இல்லை, பச்சையாக இருந்தது. ஜன்னல் வெயில் துண்டின் நூல்சந்துகளில் நுழைந்து உள்ளே இறங்கியபோது குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப்போல எல்லாமே பச்சை, பிள்ளையின் நெற்றி பச்சை, இவளுடைய மார் பச்சை, பிள்ளையின் உதட்டோரம் காய்ந்து ஒட்டியிருந்த பால் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளை இவளுடையது இல்லை. பாண்டிமீனா கழுத்தை மடக்கித் துண்டுக்குள் தலையை விட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரண்டி எடுத்துவிடலாம், நகம் இருக்கிறது, ஆனால் சுரண்டினால் பிள்ளை முழித்துக்கொள்ளும், முழித்தால் அழும், அழுதால் வார்டே திரும்பிப் பார்க்கும், பார்த்தால் துண்டு நழுவும். அதனால் அது அங்கேயே இருக்கட்டும். பிள்ளையின் வாய் காம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது, பூட்டிய கடையின் கதவில் சாய்ந்து தூங்குகிற ஆளைப்போல. சாப்பாட்டு வண்டி உருண்டு போய்விட்டது. சாம்பார் வாடையும் பினாயில் வாடையும் கலந்து நிற்கின்றன. கூட இருக்கிற பொம்பளைகளையெல்லாம் வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிட்டான், இனி நாலு மணிக்கு மணி அடித்தால்தான் உள்ளே விடுவார்கள். நாலு மணிக்கு அத்தை வருவாள். புருஷன் ஈஸ்வரனின் அம்மா. போகும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனாள். "இங்க பாரு மீனா, நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். நான் வர்றதுக்குள்ள பிள்ளை உன்கிட்டக் குடிச்சிருச்சா, சாமிக்குத் தேங்கா ஒடைக்கிறேன். இல்லையா, டப்பாப்பாலும் பாட்டிலும் வாங்கிட்டுத்தான் வருவேன். எவளோ குடுக்குற ஒரு சங்குப் பாலை நம்பி ஒரு பச்சப்பிள்ளை வாயி காயுறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது." அத்தை சொல்வதும் நியாயம்தான். அத்தை சொல்வது எப்போதுமே நியாயமாகத்தான் இருக்கிறது. ஜெபராணி சிஸ்டர் சொன்னது வேறொரு நியாயம். "பாட்டில் ரப்பரைச் சப்பிப் பழகிருச்சுன்னா உன் மாரைத் திரும்பிக்கூடப் பாக்காது பாத்துக்க. சும்மா ஊத்துறதை விட்டுட்டு எந்தப் பிள்ளை கஷ்டப்படும்?" இரண்டு நியாயங்களுக்கும் நடுவே பச்சைத் துண்டு, அதற்குள் இவளும் பிள்ளையும், மூச்சுச் சூடும்.

குடிக்க அங்கே என்ன இருக்கிறது? காலையில் சிஸ்டர் காட்டியபடி கோப்பையை வைத்துப் பிழிந்து பார்த்தாள், விரலைக் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் வைத்து அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு. கோப்பையின் அடி நனைந்தது, மஞ்சளாக, எண்ணெய்க் கறையைப்போல. "அதான் வருதுல்ல, பிள்ளை சப்பச் சப்ப ஊறும், பயப்படாத" என்று சிஸ்டர் போய்விட்டாள். அத்தை கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவளுக்குத் தோன்றியது வேறு. யாரிடமும் சொல்ல முடியாதது. தன் உடம்புக்கு விஷயமே தெரியவில்லை, பிள்ளை பிறந்த சேதி இன்னும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அது இன்னும் அன்றைக்கு ஏறிய அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலோரச் சீட்டில், டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் சொருகிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, வயிற்றில் பிள்ளையோடு. முன்சீட்டுக்காரியின் கொண்டையில் கனகாம்பரம். அந்தப் பூக்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன, வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கிற மாதிரி, அழகாகத்தான் இருந்தது, ஐயோ பூ எரியுதே என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள், சொல்லவில்லை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. வலிப்பு வந்து விழுந்தாளாம். நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்களாம். வயிற்றைக் கீறி எடுத்தார்களாம். எல்லாமே 'ளாம்', 'களாம்'. யாரோ ஒருத்திக்கு நடந்த கதையை இவளுக்குச் சொல்வதைப்போலத்தான் சொன்னார்கள், இவளும் அந்த யாரோ ஒருத்திக்காகப் பாவப்பட்டுத்தான் கேட்டாள். வலி வந்து, கத்தி, பல்லைக் கடித்து, தலை தெரியுது தலை தெரியுது என்று பக்கத்தில் ஒருத்தி சொல்லி, அப்படிப் பெற்றிருந்தால் உடம்புக்குத் தெரிந்திருக்கும். தூங்குகிறவள் மடியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி எடுத்துவிட்டார்கள். உடம்பு இன்னும் மடியில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. யாராவது பஸ்ஸில் ஏறி அதன் தோளைத் தட்டிச் சொன்னால் தேவலை. ஏத்தா, இறங்கு, உனக்குப் பொம்பளப்பிள்ளை பெறந்திருக்கு, போயிப் பாலைக் குடு.

"தலைவலி இருந்துச்சா உனக்கு, அதுக்கு முன்னாடி?" கண்ணாடி போட்ட டாக்டரம்மா கேட்டாள், இவள் பேச முடிந்த முதல் நாள். இருந்தது. கால் வீங்கிச் செருப்புவார் ஏறாமல் போனது, முகம் உப்பியது, இதெல்லாம் வயிற்றுக்காரிக்கு வருகிறதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் தலைவலியை யாரும் பார்க்க முடியாதே, அதை இவள்தான் சொல்லியிருக்க வேண்டும். பிடரியில் ஆணி அடிக்கிற வலி. கண்ணை மூடினால் மினுக்மினுக்கென்று பூச்சி பறந்தது. அடுப்படியில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், இவள் வாசற்படியில் நின்றாள், அத்தே என்று வாய்வரைக்கும் வந்தது. அத்தை நிமிர்ந்து, "என்ன?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், அதட்டவில்லை, கோபமும் இல்லை. "ஒண்ணுமில்லத்தே" என்றாள் இவள். ஏன்? இன்றைக்கு வரை தெரியவில்லை. சொன்னால் ஊசி போட அழைத்துப் போக வேண்டும், ஈஸ்வரன் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு வரவேண்டும், எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள், அதுதான், பார்ப்பார்கள். பசித்தால்கூட இவள் சொன்னதில்லை. கல்யாணம் ஆன புதிதில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சட்டியில் மிச்சமில்லாதபோது, "நீ சாப்பிட்டயா?" என்று ஈஸ்வரன் கேட்டான், சாப்பிட்டேன் என்றாள், தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள், வயிறு சத்தம் போட்டால் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று கையால் அமுக்கிக்கொண்டு. நூல்மில்லில் வேலை பார்த்த காலம்தான் நல்ல காலம். அங்கே மிஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது, கையைக் காட்டினால் போதும், விரலை இப்படிச் சுற்றினால் நூல்கண்டு தீர்ந்தது, இப்படி வெட்டினால் இழை அறுந்தது. பஞ்சு பறக்கும், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கண் மட்டும் தெரிய நாளெல்லாம் நடந்துகொண்டே இருக்கலாம். இந்தத் துண்டும் அப்படித்தான்.

இவளுக்குச் சேனை வைத்தது அழகுமணிச் சின்னம்மா. அதுதான் காரணம் என்பார்கள் வீட்டில். பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் படும் முன்னால் சீனித்தண்ணியையோ தேனையோ விரலில் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும், யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும். அன்றைக்குப் பார்த்து வீட்டில் வேறு யாரும் இல்லை. அழகுமணிச் சின்னம்மாதான் இருந்தாள். நாலு கேள்விக்கு ஒரு தலையாட்டல், அதுவும் ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்று அவள் புருஷனுக்கே தெரியாது. அப்புறம் இவள் எங்கே போய் நின்றாலும், "வாயத் தொறந்து சொல்லேன்டி, அழகுமணி வச்ச சேனையா, பூட்டுப் போட்ட மாதிரி" என்று சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று டீச்சரிடம் கேட்க வாய் வராமல் பாவாடையை நனைத்துக்கொண்டு நின்றது, அதற்கப்புறம் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, எல்லாம் அந்த ஒரு சொட்டுச் சீனித்தண்ணி. அதனால்தான் அத்தை இந்த விஷயத்தில் உஷாராக இருந்தாள். இவளுக்கு மாசம் ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள், தன் அண்ணன் மருமகள் வந்துதான் சேனை வைக்க வேண்டும், அவள் டீச்சர், நாலு பேர் முன்னால் நின்று கணீரென்று பேசுகிறவள். மலைத்தேன் ஒரு சின்னப் பாட்டிலில் வாங்கி முந்தானையில் முடிந்து ஆஸ்பத்திரிவரை வந்தும் விட்டாள். பிள்ளையோ அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள். மூக்கில் குழாய், அந்தக் குழாய் வழியாகப் பால். "தேனு கீனு நாக்குல வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று ஜெபராணி சிஸ்டர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "அப்ப அது என்ன பாலு, யாரு பாலு?" "தாய்ப்பால்தாம்மா. பேங்க்ல இருந்து வருது." "பேங்குலயா?" அத்தை கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "பேங்குல துட்டுல்ல இருக்கும்? பாலு எந்தப் பேங்குல தர்றாக, எங்க ஊருப் பேங்குல போனா ஒரு ஸ்டூலு தரமாட்டேங்கிறான்!" மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பிழிந்து தருகிற பாலைக் காய்ச்சிக் குளிரில் வைத்திருந்து தாய்க்கு முடியாத பிள்ளைகளுக்குத் தருகிறார்கள் என்று சிஸ்டர் விளக்கிச் சொன்னாள். அத்தை வெளியே வந்து ஈஸ்வரனிடம் சொன்னதை இவள் சக்கர நாற்காலியில் இருந்து கேட்டாள். "யாரு எவருன்னு தெரியல. எவளோ ஒருத்தி பால்தான்டா உன் மகளுக்குச் சேனை. எவ குணமோ. இனி நம்ம என்ன செய்ய?"

எவள் குணமோ. அதைக் கேட்டபோது எல்லோரும் வருத்தமாக இருந்தார்கள், இவளும் முகத்தை வருத்தமாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே, ஆழத்தில், வயிற்றுத் தையலுக்கும் கீழே, அப்பாடா என்றிருந்தது. தன்னுடையது முதலில் போகவில்லை. தன்னுடைய மஞ்சள் சொட்டு முதலில் போயிருந்தால் இந்தப் பிள்ளையும் ஒண்ணுமில்லத்தே, ஒண்ணுமில்லத்தே என்று வாசற்படியில் நின்றிருக்கும், நின்று, தலை வெடித்து, பூ எரிவதைப் பார்த்துக்கொண்டே. எவளோ ஒருத்தி வாயுள்ளவளாக இருக்கட்டும், சண்டைக்காரியாகக்கூட இருக்கட்டும். அந்த அப்பாடாதான் இப்போது பயம் காட்டுகிறது. உள்ளுக்குள் அப்படி நினைத்ததால்தான் பால் வரமாட்டேன் என்கிறதோ, கொடுக்க மனமில்லாதவள் மாரில் எப்படி ஊறும், பெற்றவளே கூடாது என்று நினைத்தால் பிள்ளைக்குத் தெரியாதா, மோந்து தேடுகிற இந்தச் சின்ன மூக்குக்குத் தெரியாதா? முதல்முதலாகப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, "பாரு, உன் பிள்ளை" என்றபோது இவள் பக்கத்துப் பெட்டியைத்தான் பார்த்தாள். சிஸ்டர் கையைப் பிடித்துத் திருப்பினாள். சிவப்பாக, சுருக்கமாக, முதுகெல்லாம் மயிரோடு ஒன்று கிடந்தது. அழ வாயைத் திறந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம், பெட்டிக்கு வெளியே கேட்டது. "இந்த வார்டுக்கே இவதான் லாரி ஹாரன்" என்று சிஸ்டர் சிரித்தாள். யார் பிள்ளை இது, இவ்வளவு சத்தமாக, என்றுதான் முதலில் தோன்றியது இவளுக்கு.

"ஏத்தா, உள்ள உயிரோட இருக்கியா?" துண்டுக்கு வெளியே தவமணியின் குரல். பக்கத்துக் கட்டில்காரி. பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்துக் கொய்யாப்பழமும் மாங்காய்க் கீற்றும் விற்கிறவள், இது மூன்றாவது பிள்ளை, பையன், அவனும் எடை ஏற வேண்டும் என்று பெட்டியில்தான் இருக்கிறான். கண்டக்டரிடம் கத்திக் கத்தி, அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ரகசியம் சொன்னாலும் அடுத்த வார்டுக்குக் கேட்கும். அத்தைக்கு அவளைப் பிடிக்காது. பாண்டிமீனாவை இந்த வார்டுக்கு மாற்றிய முதல் நாளே கட்டிலுக்கு அடியில் பை வைக்கிற இடத்துக்காக அத்தையோடு மல்லுக்கு நின்றாள். "வாயாடி முண்டை, அவகூடப் பேச்சு வச்சுக்காத" என்று அத்தை சொல்லியிருந்தாள். பேச்சு வைத்துக்கொள்ள இவளுக்குத் தெரிந்தால்தானே. "உசிரோட இருந்தா ஒரு தடவை இருமிக் காட்டு. ஒரு மணி நேரமா கூடாரத்துக்குள்ள ஒக்காந்துருக்க, சர்க்கஸ்லகூட இந்நேரம் புலிய வெளிய விட்ருவான்." எதிர்க்கட்டில் பெண் சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, துண்டுக்குள் இருந்தபடியே சிரித்ததால் யாரும் பார்க்கவில்லை. "மூடித்தான் குடுக்கணும்னு எங்கத்தை சொன்னாக, கண்ணு பட்ரும்னு" என்றாள், மெதுவாக. "என்னது? கேக்கல. துண்டுக்கிட்டச் சொல்றியா எங்கிட்டச் சொல்றியா?" இவள் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள். தவமணி தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் பார்க்க நைட்டி பட்டனை அவிழ்த்து எவர்சில்வர் டம்ளரை மாரில் பொருத்திக்கொண்டாள். சத்தம் கேட்டது. சுர், சுர். டம்ளரின் அடியில் பட்டு, அப்புறம் பாலின்மேல் பட்டு, சத்தம் மாறுவதுகூடக் கேட்டது. இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பொறாமையா என்று தேடிப் பார்த்தாள், பொறாமை இல்லை, பசித்தவன் ஓட்டல் வாசலில் நின்று தோசை சுடுகிற சத்தம் கேட்பதைப்போல ஒன்று. தையலுக்குப் பக்கத்தில் அரித்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டியது. தட்டும்போதெல்லாம் நாலு மணி, நாலு மணி என்றது.

"இந்தா, இதோட நாலாவது ரவுண்டு" என்றாள் தவமணி எழுந்து, டம்ளரை மூடிக்கொண்டு. "எம்பையன் குடிக்கிறது ஒரு சங்கு. மிச்சத்தை என்ன செய்யிறது, நெஞ்சு கல்லாட்டம் கட்டிக்கிது, அந்தப் பேங்குக்குத்தான் கொண்டுபோயி ஊத்துறேன். அங்க நான்தான் கறவை மாடு. நாளைக்கு இந்தப் பெட்டிப்பிள்ளைக எல்லாம் வளந்து பஸ் ஏற வருங்கல்ல, வரிசையா நிப்பாட்டி, அடேய், ஆளுக்கு ஒரு கொய்யா வாங்காம ஏறுனீங்கன்னா தெரியும் சேதின்னு சொல்லுவேன்." துண்டு அசையவில்லை. துண்டுக்குள் இவள் பிள்ளையின் உதட்டோரத்து வெள்ளையைப் பார்த்தாள். கேட்க வேண்டும். கேட்க என்ன இருக்கிறது, நாலு வார்த்தை. வார்த்தைகளை முதலில் வரிசையாக அடுக்கினாள், ஒன்று நழுவியது, மறுபடி அடுக்கினாள். கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும். "அக்கா." "என்ன தங்கம்?" "நீங்க எப்ப இருந்து குடுக்குறீக?" குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. தவமணி நின்றாள். "உன்னைய ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வந்தாகள்ல, அன்னைக்கு. வாயோரம் ரத்தம், கண்ணு மேல சொருகி, நான் வராண்டாவுல நின்னு பாத்தேன். கொஞ்ச நேரத்துல சிஸ்டரு வந்து, ஒரு பிள்ளைக்கு ஆத்தாளுக்கு நெனவில்ல, பேங்குல காலி, யாராச்சும் குடுக்குறீகளான்னு கேட்டாக. ஒடனே டம்ளரை எடுத்துட்டேன்த்தா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டாள். எந்தப் பிள்ளைக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா, தோன்றியும் சொல்லாமல் போகிறாளா? சொல்லாமல் இருக்கவும் தெரியுமா அவளுக்கு? பாண்டிமீனா துண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு, கொய்யாக் கூடை, மிளகாய்ப்பொடி, புறப்படுகிற பஸ்ஸின் பின்னால் கத்திக்கொண்டே ஓடுகிற கால்கள், மிச்சச் சில்லறை வாங்காமல் விடாத வாய். அத்தைக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரியை இரண்டாக்கிவிடுவாள். டீச்சர் வைக்க வேண்டிய சேனை. லாரி ஹாரன், லாரி ஹாரன். இவளுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் பிள்ளை முழித்துக்கொண்டது.

முதலில் நெற்றி சுருங்கியது. அப்புறம் வாய் கோணிக்கொண்டு தேடியது, இடது பக்கம், வலது பக்கம், துண்டைச் சப்பியது, துண்டு வாயில் ஒட்டியது, மூச்சு முட்டியது, அப்புறம் ஆரம்பித்தது. வார்டே திரும்பியது. எதிர்க்கட்டில் பெண், மூலைக்கட்டில் அம்மா, குப்பைக்கூடையோடு வந்த ஆயா, எல்லோருடைய கண்ணும் துண்டின்மேல் பட்டதை இவள் உள்ளே இருந்தே உணர்ந்தாள், வெயில் படுவதைப்போல. ச்சூ, ச்சூ, வேணாம், எல்லாரும் பாக்குறாங்க, என்றது வாய். என்ன சொல்கிறோம் என்று காதில் விழுந்தபோது தலையில் அடித்தமாதிரி இருந்தது. இதைத்தானே இவளிடமும் சொன்னார்கள், அம்மா, சின்னம்மா, டீச்சர், எல்லோரும், சத்தம் போடாத, எல்லாரும் பாக்குறாங்க. பிள்ளை கேட்கவில்லை. பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குப் பசிக்குது, எனக்குப் பசிக்குது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும், கையை முறுக்கி, முகம் கறுத்து, உள்நாக்கு தெரிய, இந்த ஊரே கேட்கட்டும் என்று. இவள் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, வாசற்படியில் நின்று விழுங்கிய ஒன்றை, தண்ணீரைக் குடித்து அமுக்கிய ஒன்றை, இவள் மடியில் கிடந்துகொண்டு இது சொல்கிறது. எங்கேயோ, ரொம்பத் தூரத்தில், பஸ்ஸில் யாரோ தலையைத் திருப்பினார்கள். ஜன்னலோரச் சீட்டில் இருந்தவள் யாருடைய பிள்ளை இப்படி அழுகிறது என்று காது கொடுத்தாள். வயிற்றைக் குனிந்து பார்த்தாள். முன்சீட்டுக் கம்பியில் இருந்து ஒரு கையை எடுத்தாள். அக்குளில் இருந்து ஊசி ஊசியாக ஏதோ இறங்கியது, நமநமவென்று, வலியா இல்லையா என்று தெரியாத ஒரு குடைச்சல், கால் மரத்துப்போய் ரத்தம் திரும்ப ஓடும்போது வருமே அது, ஆனால் நெஞ்சில், இரண்டு பக்கமும், உள்ளே இருந்து காம்பை நோக்கி. தொடையில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. என்ன இது, கண்ணீரா? இவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். கன்னம் காய்ந்திருந்தது.

துண்டை யார் எடுத்தது என்று பிற்பாடு யோசித்தபோதும் சரியாக நினைவு வரவில்லை. சிஸ்டர் இல்லை, சிஸ்டர் அப்போது வரவில்லை. இவளுடைய கையாகத்தான் இருக்க வேண்டும். பச்சை போய்விட்டது, வெளிச்சம் சுள்ளென்று அடித்தது, பிள்ளையின் முகம் சிவப்பாக, முழுசாக, மூக்கோரத்துச் சின்ன வெள்ளைப் பொரிகூடத் தெரிய இருந்தது. இத்தனை நாளும் துண்டுக்குள் குருட்டுத்தனமாகத் திணித்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். அழுகிற வாய் எப்போது பெரிதாகத் திறக்கிறது, எப்போது மூச்சு வாங்கச் சின்னதாகிறது. மில்லில் இழை அறுந்தால் பாய்ந்து பிடிக்கக் கூடாது, சுற்றுகிற உருளைக்குப் பக்கத்தில் அறுந்த முனையைக் கொண்டுபோய் லேசாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு கணம், அதுவே இழுத்துக்கொள்ளும். பிள்ளையின் மோவாயை முதலில் மாரில் பதிய வைத்தாள், தலையைத் தாங்கினாள், நின்றாள். வாய் திறந்தது, பெரிதாக, இந்தப் பக்கத்துத் தாடைக்கும் அந்தப் பக்கத்துத் தாடைக்கும். இழுத்துக்கொண்டது. ஆ என்று இவள் பல்லைக் கடித்தாள், இவ்வளவு பலமா இந்தச் சுண்டைக்காய் வாய்க்கு, கால் பெருவிரல் மடங்கியது. சத்தம் நின்றுபோனது. வார்டில் மின்விசிறி தட்டுவது மறுபடி கேட்டது. சப்பல், சப்பல், சப்பல், ஒன்றுமில்லை, சும்மாதான், பழைய கதைதான் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை நிறுத்தியது, கண்ணை அகலத் திறந்தது, தொண்டையில் ஒரு சத்தம். க்ளக். விழுங்கிவிட்டது. சப்பல், சப்பல், க்ளக். இவள் மூச்சை விடவில்லை, விட்டால் நின்றுவிடுமோ என்று. மறுபடி க்ளக். அந்தப் பக்கத்து மார் தன்னால் ஒழுகி நைட்டியை நனைத்துக்கொண்டிருந்தது, ஈர வட்டம் ஒரு ரூபாய் அகலம், ஒரு கை அகலம், எல்லோருக்கும் தெரிய. வேறொரு நாளாக இருந்தால் செத்திருப்பாள். துண்டு கட்டிலின் காலடியில் கிடந்தது. எட்டினால் எடுக்கலாம். எடுக்கவில்லை.

மணி அடித்தது. செருப்புகள், பைகள், டிபன் கேரியர்கள், வராண்டா முழுக்கக் காலடிச் சத்தம். அத்தை கூட்டத்தை முட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள், வேர்த்து, முழங்கையில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டு, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பைக்குள் டப்பாவின் விளிம்பு தெரிந்தது, பாட்டில் ரப்பரின் முனை தெரிந்தது. பேச வாயைத் திறந்துகொண்டே வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். பார்த்தாள். பிள்ளையின் தாடை அசைவதைப் பார்த்தாள், காதுமடல் அசைவதைப் பார்த்தாள், குனிந்து காதை வைத்தே கேட்டாள். க்ளக். "அடி என் சாமி" என்றாள், மூச்சோடு. பிறகு சட்டென்று சுற்றும் பார்த்துக் காலடியில் கிடந்த துண்டை எடுத்து உதறினாள். "மூடுடி, மூடு, இத்தன கண்ணு இருக்கு." துண்டு தலைக்குமேல் விரிந்தது. பச்சை நிழல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டது. "வேணாத்தே." அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்ன?" சாதாரணமாகத்தான் கேட்டாள், அன்றைக்கு அடுப்படியில் கேட்டதைப்போலவே. ஒண்ணுமில்லத்தே என்று உதடுவரை வந்தது, பழகிய தடத்தில் தானாக உருண்டு வந்தது. "வேணாத்தே. பிள்ளைக்கு மூச்சு முட்டுது. எனக்கும் பிள்ளை மொகம் தெரியணும்." பேச்சுச் சத்தத்தில் பிள்ளை காம்பை விட்டுவிட்டு ஒரு கத்து கத்தியது, பக்கத்துக் கட்டில்வரைக்கும் தூக்கிவாரிப்போட, அப்புறம் தானே தேடிப் பிடித்துக்கொண்டது. "ஆத்தாடி, என்னா வாயி!" அத்தை பின்வாங்கிவிட்டாள். "எவ வச்ச சேனையோ, தெரியலையே." தவமணி தன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை, தோல் ஒரே சுருளாக வருவதற்காக ரொம்பக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தாள். பாண்டிமீனா அவளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது, தூரத்தில் இருந்து, நடந்து, களைத்து, இவளுடைய இடுப்பில், தோளில், தையலில், வலிக்கிற எல்லா இடத்திலும். உடம்பு இவ்வளவு கனமாக இருந்ததா? நாக்குக் கடிபட்ட இடம் எரிந்தது. வயிறு சுருட்டி இழுத்தது. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பியது இப்போதுதான் நினைவு வந்தது.

"அத்தே" என்றாள். எதிர்க்கட்டிலுக்கும் கேட்டிருக்கும். "எனக்குப் பசிக்குது."

அத்தை இவளைப் புது ஆளைப் பார்ப்பதைப்போலப் பார்த்தாள். இவள் மருமகளாக வந்ததிலிருந்து கேட்காத வார்த்தை. பிறகு கையில் இருந்த மஞ்சப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பி, கடைசியில் தவமணியின் கட்டிலுக்கு அடியில் அவளைக் கேட்காமலேயே தள்ளிவிட்டுவிட்டு, டிபன் கேரியரின் பூட்டைத் திறக்க ஆரம்பித்தாள்.